எஸ்எஃப் (சான் பிரான்சிஸ்கோ) ஜப்பானீஸ் டீ கார்டன்: வயசானவங்கள கூட்டிட்டுப் போய் அமைதியா உக்கார முடியுமா?

மீனா_ஃப்ரீமான்ட்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, தஞ்சாவூர் பக்கத்துல இருந்து வந்திருக்காங்க. வந்த புதுசுல கோல்டன் கேட் பிரிட்ஜ், பியர் 39, லிவர்மோர் கோவில், அவுட்லெட் மால்னு எல்லாம் சுத்திக் காமிச்சாச்சு. இப்போ எங்க கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்கம்மா, நான் வீட்ல இருக்கேன்"ங்குறாங்க. ஏன் அத்தைன்னு கேட்டா, போற எடமெல்லாம் கூட்டம், காரை விட்டு இறங்குனா நடந்துக்கிட்டே இருக்கோம், ஒரு எடத்துல உக்காந்து நாலு மரத்தைப் பாக்க விடமாட்டேங்குறீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு.

ஊர்ல அவங்களுக்குக் கொல்லைதான் எல்லாமே. நந்தியாவட்டை, பவழமல்லி, கறிவேப்பிலை, நாலு வாழை, ஒரு எலுமிச்சைன்னு காலைல எழுந்ததும் மொதல்ல செடியப் பாத்துட்டு வந்துதான் காபி. இங்க அபார்ட்மென்ட் பால்கனில ரெண்டு துளசித் தொட்டிதான் இருக்கு, அதுக்கே ஒரு நாளைக்கு எத்தன தடவ போய் நிக்குறாங்கன்னு எனக்குத்தான் தெரியும்.

அதான் யோசிச்சேன், கோல்டன் கேட் பார்க்குக்குள்ள ஜப்பானீஸ் டீ கார்டன் இருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போலாமான்னு. ஆனா போட்டோல பாத்தா அந்த வளைஞ்ச பாலத்து மேல எப்பவும் ஜனமா இருக்கு. அத்தைக்கு முழங்கால் வலி வேற, படி ஏறி இறங்க முடியாது, சமதரைல மெதுவா நடப்பாங்க. பெஞ்ச் இருக்குமா, ரெஸ்ட்ரூம் உள்ளயே இருக்கா, சுத்த சைவம் சாப்பிடுறவங்களுக்கு அந்த டீ ஹவுஸ்ல ஏதாச்சும் கெடைக்குமா? எனக்கு வாரநாள்ல ஒரு நாள் லீவு போட முடியும். இத விட அமைதியான ஜப்பானிய தோட்டம் பே ஏரியால, அதாவது சான் பிரான்சிஸ்கோவச் சுத்தி இருக்குற ஊர்கள்ல, வேற எங்கயாச்சும் இருந்தாலும் சொல்லுங்க. போய்ட்டு வந்தவங்க விவரமா எழுதுனா ரொம்ப உதவியா இருக்கும்.

---

சன்செட்_ராம்:

மீனா சிஸ்டர், தாராளமா கூட்டிட்டுப் போங்க, ஆனா நேரம் பாத்துப் போகணும், அதுதான் விஷயமே. நான் பார்க்குக்குத் தெக்கால சன்செட்ல இருக்கேன், நடந்து போற தூரம்தான். சனி ஞாயிறு மத்தியானம் போனீங்கன்னா தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருதான், அத்தை திரும்பவும் எங்கயும் வரமாட்டாங்க. அதே தோட்டம் வாரநாள் காலைல 9 மணிக்கு கேட் தொறக்குறப்போ போய்ப் பாருங்க, தண்ணி சத்தமும் குருவி சத்தமும்தான் கேக்கும். சும்மா பேச்சுக்குச் சொல்லல, மொத ஒரு மணி நேரம் வேற எடம் மாதிரியே இருக்கும்.

இன்னொன்னு, திங்கள், புதன், வெள்ளி இந்த மூணு நாளும் காலைல 10 மணிக்கு முன்னாடி உள்ள போனா டிக்கெட் கெடையாது, எல்லாருக்கும் ஃப்ரீ. எஸ்எஃப்ல குடியிருக்குறவங்களுக்கு எப்பவுமே ஃப்ரீ, நீங்க ஃப்ரீமான்ட்ங்குறதால இந்த நேரத்த புடிச்சுக்கிட்டா நல்லது. கெளம்புறதுக்கு முன்னாடி வெப்சைட்ல ஒரு தடவ பாத்துக்கோங்க, இந்த மாதிரி ரூல்ஸ் மாத்துவாங்க. மூணு நாள்ல புதன் இல்ல வெள்ளி நல்லது, ஏன்னா எதுத்தாப்புல இருக்குற டி யங் மியூசியம் திங்கக்கிழமை லீவு. மியூசியத்துக்கு டிக்கெட் எடுக்காமலே அங்க இருக்குற டவருக்கு மேல லிஃப்ட்ல போகலாம், காசு கெடையாது, சுத்தி கண்ணாடி, ஊரே தெரியும். கால் வலிக்கிறவங்களுக்கு அதுவும் ஒரு நல்ல எடம்.

படி விஷயம். நீங்க சொல்ற அந்த வளைஞ்ச பாலத்த அத்தை ஏறவே வேணாம், அது ரொம்பச் செங்குத்து, ஏணி மாதிரி குச்சி புடிச்சு ஏறணும், எறங்குறது இன்னும் மோசம். கீழ நின்னு பாக்குறதுதான் அழகு, தண்ணில அதோட நிழல் விழுந்து முழு வட்டமாத் தெரியும், அதுக்காகவே அப்படிக் கட்டிருக்காங்க. பகோடாங்குற அடுக்குக் கோபுரத்துப் பக்கம் போறப்போவும் படி வரும். படியில்லாத பாதை எதுன்னு டிக்கெட் கவுன்டர்ல கேட்டா மேப்ல குறிச்சுக் குடுப்பாங்க, அதக் கேக்காம உள்ள போயிடாதீங்க. சில எடத்துல தரை கல்லு கல்லா சமமில்லாம இருக்கும், நல்ல கிரிப் இருக்குற ஷூ போட்டு விடுங்க, புடவைன்னா கொஞ்சம் உயரமாக் கட்டச் சொல்லுங்க, காலைல பனி ஈரம் இருக்கும். ரெஸ்ட்ரூம் உள்ளயே இருக்கு.

குளிரு முக்கியம். ஃப்ரீமான்ட்ல வெயில் அடிக்குதேன்னு கெளம்பி வந்துடுவாங்க, இங்க கடல்ல இருந்து வர்ற மூடுபனில காலைல ஸ்வெட்டர் இல்லாம உக்காரவே முடியாது. அந்தப் பனியாலதான் அங்க பாசி அவ்ளோ பச்சையா இருக்கு, ஆனா அத்தைக்கு ஒரு சால்வையும் காதுக்கு மஃப்ளரும் கண்டிப்பா வேணும். பெஞ்சும் ஈரமா இருக்கும், தொடைக்க ஒரு துண்டு எடுத்துக்கோங்க.

கார்ல வந்தா மியூசிக் கான்கோர்ஸ் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்தான் வசதி, ஃபுல்டன் தெருவுல 10வது அவென்யூகிட்ட நுழையலாம், லிஃப்ட் இருக்கு, மேல வந்தா கார்டன் ரெண்டு நிமிஷம். காசு ஆகும், ஆனா அத்தைய நடக்க வைக்கிறத விட அது தேவல.

---

செடிகொடி_சான்மட்டேயோ:

ராம் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா நான் வேற மாதிரி சொல்வேன். அமைதிதான் முக்கியம்னா எஸ்எஃப் போகவே வேணாம், சான் மட்டேயோ வாங்க. சென்ட்ரல் பார்க்குக்குள்ள ஒரு ஜப்பானிய தோட்டம் இருக்கு, சின்னது, டிக்கெட்டே கெடையாது, கால்ட்ரெயின் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே வந்துடலாம். 1966ல தொறந்தது. அத டிசைன் பண்ணவர் நாகாவ் சகுராய், ஜப்பான் அரண்மனைத் தோட்டங்களப் பாத்துக்கிட்ட பெரிய ஆளு. எஸ்எஃப் டீ கார்டன்ல 1953ல போட்ட அந்த மணல் கல்லு தோட்டம் இருக்கே, அதுவும் அவர் கைதான். ஒரே ஆள் கைப்பட்ட ரெண்டு தோட்டம், ஒண்ணுல க்யூ நிக்குது, இன்னொண்ணுல வாரநாள்ல போனா நாமளும் மீனும்தான்.

சான் மட்டேயோவோட சிஸ்டர் சிட்டி ஜப்பான்ல டொயோனகா, அவங்க குடுத்த கல் பகோடா ஒண்ணு உள்ள இருக்கும். நடுவுல குளம், அதுல பெரிய பெரிய கோய் மீன், குளத்தச் சுத்தி பாதை. அத்தை ஒரு பெஞ்ச்ல உக்காந்தாங்கன்னா பாதித் தோட்டம் உக்காந்த எடத்துலயே தெரியும், மீதிக்கு பத்து தப்படி நடந்தாப் போதும். ஒரே ஒரு விஷயம், காலைல சீக்கிரம் தொறக்கமாட்டாங்க, சாயங்காலமும் சீக்கிரம் மூடிருவாங்க, நேரத்தப் பாத்துட்டு வாங்க.

உங்க அத்தை செடி வளக்குறவங்கன்னு சொன்னீங்க, அதனால ஒண்ணு சொல்றேன், எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அவங்களுக்குப் பைன் மரத்தக் காமிங்க. நம்மூர்ல தோட்டம்னா பூ. ஜப்பானிய தோட்டத்துல பூ வந்துட்டுப் போற விருந்தாளி, வீட்டு ஆளு பைன் மரம்தான். வசந்த காலத்துல நேரா நீட்டிக்கிட்டு வர்ற புதுத் தளிர ஒவ்வொண்ணா விரலால கிள்ளி விடுவாங்க, இந்த சீசன்ல, அதாவது இலையுதிர் காலத்துல, பழைய ஊசியிலைய கையாலயே உருவி எடுப்பாங்க, மெஷின் வெட்டு கெடையாது. ஒரு மரத்துக்கு ஏணி போட்டு ஒரு ஆள் நாள் முழுக்க உக்காந்திருப்பார். எதுக்குன்னா வெளிச்சம் உள்கிளை வரைக்கும் எறங்கணும், காத்து போகணும், கிளைக்கு நடுவுல வானம் தெரியணும். அப்படி வருஷா வருஷம் பண்ணலன்னா ரெண்டு மூணு வருஷத்துல அது சாதாரண புதரா ஆயிடும். நான் கிட்டப் போய் ஒரு கிளையப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன், அடில இருக்குற ஊசியெல்லாம் போய் நுனில மட்டும் ஒரு பிடி மேல்நோக்கி நிக்குது, ஒவ்வொரு நுனியும் அப்படியே, ஒண்ணு கூட விட்டுப் போகல. தோட்டத்துல நமக்கு ஒரு நிம்மதி வருதுல்ல, அது சும்மா வர்றதில்லைங்க, யாரோ குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டே இருக்காங்க.

கல்லும் அப்படித்தான். பெரிய கல்ல சும்மா தரை மேல வச்சுட மாட்டாங்க, நல்லா கீழ பொதைச்சு மண்ணுல இருந்து மொளைச்ச மாதிரி நிக்க வைப்பாங்க. பாதையும் நேரா போகாது, திரும்பித் திரும்பிப் போகும், ஒரு திருப்பம் தாண்டுனாத்தான் அடுத்த காட்சி தெரியும். அதனால சின்ன எடம் கூட பெருசாத் தெரியுது. கால் வைக்கிற கல்லுங்கள வேணும்னே கொஞ்சம் ஏறுமாறா போட்டிருப்பாங்க, பாத்துப் பாத்து மெதுவா நடக்கட்டும்னு. முழங்கால் வலிக்காரங்களுக்கு அந்தக் கல்லுப் பாதை மட்டும் வேணாம், பக்கத்துலயே சாதா பாதை இருக்கும்.

---

மீனா_ஃப்ரீமான்ட்:

ராம், செடிகொடி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பைன் மரம் பத்திப் படிச்சுக் காமிச்சேன், அத்தை நிமிர்ந்து உக்காந்து "கையாலயா உருவுறாங்க?"ன்னு கேட்டாங்க. வர்ற புதன்கிழமை லீவு போட்டாச்சு. இப்போ எது மொதல்லங்குறதுதான் கொழப்பம். எஸ்எஃப் தோட்டம் பழசுன்னு சொல்றாங்களே, எவ்ளோ பழசு, யார் கட்டுனது? அத்தை எந்தக் கோவிலுக்குப் போனாலும் யார் கட்டுனதுன்னு மொதல்ல கேப்பாங்க, இங்கயும் கேப்பாங்க.

---

காவேரி_ஓக்லண்ட்:

அம்மா மீனா, உங்க அத்தை கேக்குறதுதான் சரியான கேள்வி. அந்தத் தோட்டத்துக்குப் போற நூத்துல தொண்ணூறு பேர் அதக் கேக்காமலே போட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். நான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப வருஷமாச்சு, ஊர்ல இருந்து யார் வந்தாலும் இந்தக் கதையச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போவேன், கொஞ்சம் பெருசா இருந்தாலும் படிங்க.

1894ல கோல்டன் கேட் பார்க்ல ஒரு பெரிய பொருட்காட்சி நடந்துச்சு. அதுல ஒரு ஏக்கர் சுமாருக்கு ஜப்பானிய கிராமம்னு ஒண்ணு போட்டாங்க. பொருட்காட்சி முடிஞ்சா எல்லாத்தையும் பிரிச்சுடுவாங்கல்ல, இத மட்டும் பிரிக்காம நிரந்தரத் தோட்டமாக்கலாம்னு மகோட்டோ ஹகிவாரான்னு ஒருத்தர், ஜப்பான்ல இருந்து வந்தவர், பார்க் சூப்பரின்டென்டென்ட் ஜான் மெக்லாரன்கிட்டப் பேசி ஏத்துக்கிட்டார். அந்த ஒரு ஏக்கர்தான் இன்னைக்கு அஞ்சு ஏக்கர். நடுவுல சில வருஷம் அவர வெளிய அனுப்பி வச்சாங்க, திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஜப்பான்ல இருந்து செடி, மீன், பறவைன்னு வரவழைச்சு, சொந்தக் காசையும் போட்டு, குடும்பத்தோட அந்தத் தோட்டத்துக்குள்ளயே வீடு கட்டி வாழ்ந்தார். 1925ல அவர் காலமானதுக்கு அப்புறம் மக, பேரப்பிள்ளைங்கன்னு அந்தக் குடும்பமே பாத்துக்கிச்சு.

அப்புறம் 1942. ரெண்டாம் உலகப் போர் நடக்குது, ஜப்பான் எதிரி நாடு, ஜப்பானிய வம்சாவளிக்காரங்க எல்லாரையும் மேற்குக் கடற்கரைல இருந்து வெளியேத்தி முகாம்ல அடைக்கச் சொல்லி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். ஏறக்குறைய 1,20,000 பேர், அதுல மூணுல ரெண்டு பங்கு இங்கயே பொறந்த அமெரிக்கக் குடிமக்கள். சான் பிரான்சிஸ்கோக்காரங்கள்ல நிறைய பேர மொதல்ல சான் புரூனோல இருந்த டான்ஃபரான் குதிரைப் பந்தய மைதானத்துல, குதிரை லாயத்துல தங்க வச்சாங்க. இப்போ சான் புரூனோ பார்ட் ரயில் ஸ்டேஷன் வாசல்ல அதுக்கு ஒரு நினைவுச் சிலை இருக்கு, பார்ட்ல போறவங்க ஒரு நாள் எறங்கிப் பாருங்க. ஹகிவாரா குடும்பமும் தோட்டத்த விட்டுப் போக வேண்டியதாச்சு. அம்பது வருஷத்துக்குக் கிட்ட வளத்த தோட்டம். அவங்க வீட்ட இடிச்சுட்டாங்க. தோட்டத்துப் பேர்ல இருந்த "ஜப்பானீஸ்"ங்குறத எடுத்துட்டு ஓரியன்டல் டீ கார்டன்னு மாத்துனாங்க. போர் முடிஞ்சும் அந்தக் குடும்பத்தத் திரும்பக் குடியேற விடல. 1952லதான் பழைய பேரே திரும்ப வந்துச்சு.

அவங்க வளத்த குட்டை மரங்க இருந்துச்சு, போறப்போ இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போய், அது கை மாறி, 1960கள்ல உயிலா எழுதி வச்சு தோட்டத்துக்கே திரும்பி வந்துச்சு. இன்னைக்கும் உள்ள ஒரு சரிவுல நிக்குது. மனுஷங்க திரும்பி வர முடியல, மரம் திரும்பி வந்துருச்சு. உங்க அத்தைக்கு அதக் கண்டிப்பா காமிங்க.

வாசல்கிட்ட ஒரு வெண்கலத் தகடு இருக்கும், அந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்லி 1974ல வச்சது. அதச் செஞ்சது ரூத் அசாவா, பேர்பெற்ற சிற்பி, அவங்களும் சின்னப் பொண்ணா அந்த மாதிரி முகாமுக்குள்ள இருந்தவங்கதான். எல்லாரும் அதத் தாண்டி விறுவிறுன்னு உள்ள போயிடுவாங்க. நீங்க அதுகிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க. யார் கட்டுனதுன்னு அத்தை கேட்டா, அத தொட்டுக் காமிச்சு இவங்கதான்னு சொல்லுங்க.

அமைதியா இருக்கணும்னுதான் எல்லாரும் அங்க போறோம், நானும் அதுக்குத்தான் போறேன். அந்த அமைதிய உண்டாக்குனவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா அமைதி ஒண்ணும் கெட்டுடாது. எனக்கு அந்தத் தோட்டம் முன்ன விட நெருக்கமாத்தான் ஆச்சு.

அப்புறம் உள்ள ஒரு பெரிய வெண்கல புத்தர் உக்காந்திருப்பார், 1790ல ஜப்பான்ல வார்த்தது, மேல கூரை கெடையாது, மழையும் வெயிலும் அவர் மேலதான். உங்க அத்தை கும்பிடுவாங்க, பக்கத்துல ஒரு பூ வைக்கணும்னு தோணுச்சுன்னா செடில இருந்து மட்டும் பறிக்க விடாதீங்க, வீட்டுல இருந்தே எடுத்துட்டு வரட்டும்.

---

ஹேவர்டு_குமார்:

ஃப்ரீமான்ட்ல இருந்து இவ்ளோ தூரம் போறதுக்கு முன்னாடி, ஹேவர்டுலயே ஒரு ஜப்பானீஸ் கார்டன் இருக்குங்க, யாருமே சொல்லலையேன்னுதான் எழுதுறேன். 1980ல தொறந்தது, ஃப்ரீ. ஜப்பானிய முறைல போட்டிருந்தாலும் கலிஃபோர்னியா கல்லு, கலிஃபோர்னியா மரம் நிறைய சேத்திருக்காங்க, அதனால பாக்க வித்தியாசமா இருக்கும். சான் ஹோசேல கெல்லி பார்க்லயும் ஒண்ணு இருக்கு, 1965ல தொறந்தது, ஒகயாமாவோட கொராகுவென் தோட்டத்த மனசுல வச்சு கட்டுனது, அங்க பார்க்கிங்குக்குக் காசு. 2017 வெள்ளத்துல அந்தத் தோட்டத்துக்குள்ள தண்ணி பூந்து சேதமாச்சு, அப்புறம் சரி பண்ணாங்க. சாரடோகால ஹகோனே ரொம்ப அழகுதான், ஆனா மலைச்சரிவு, ஏத்தம் எறக்கம், உங்க அத்தைக்கு நான் சொல்லமாட்டேன்.

தினம் அவங்க வீட்ல அடைஞ்சு கெடக்குறாங்கன்னா ஹேவர்டுதான் வசதி. எஸ்எஃப் ஒரு தடவ போற எடம், இது வாரா வாரம் போற எடம். அவங்களுக்குப் பழகுன மரம்னு ரெண்டு இருந்தா மனசு ஒட்டும்.

---

மீனா_ஃப்ரீமான்ட்:

காவேரி அம்மா, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. நேத்து ராத்திரி அத்தைக்கு அப்படியே வாசிச்சுக் காமிச்சேன். புதன்கிழமை எஸ்எஃப்தான், முடிவு பண்ணியாச்சு. சாப்பாடு பத்தி மட்டும் யாரும் சொல்லலையே, சைவம் கெடைக்குமா?

---

சன்செட்_ராம்:

ஆமா, அத விட்டுட்டேன். டீ ஹவுஸ்ல டீ தைரியமாக் குடிக்கலாம், கிரீன் டீ, மல்லிகை டீ எல்லாம் இருக்கும், கூட அரிசி முறுக்கு மாதிரி ஒரு நொறுக்கு, மோச்சிங்குற அரிசி மாவுப் பலகாரம், உள்ள ஒரு சீட்டு வச்ச ஃபார்ச்சூன் குக்கி. அந்த குக்கிய அமெரிக்கால மொதல்ல பரிமாறுனதே ஹகிவாராதான்னு சொல்லுவாங்க, லாஸ் ஏஞ்சலஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. ஆனா மிசோ சூப், உடான் நூடுல்ஸ் இதெல்லாம் சைவம்னு நெனச்சு வாங்கிடாதீங்க, ஜப்பானிய சூப்புக்கு அடிப்படையே பெரும்பாலும் மீன் கருவாட்டுச் சாறு, காய்கறி மட்டும் மெதக்குறதப் பாத்து ஏமாந்துடக் கூடாது, கேட்டுட்டு வாங்குங்க. அவிச்ச சோயா அவரை கெடச்சா அது பிரச்சனையில்ல. இட்லியோ தயிர் சாதமோ கட்டிட்டு வந்து, தோட்டத்த விட்டு வெளிய வந்து மியூசிக் கான்கோர்ஸ் மரத்தடில நிறைய பெஞ்ச் இருக்கு, அங்க உக்காந்து சாப்பிடுங்க.

டீ ஹவுஸ்ல தண்ணி ஓரமா இருக்குற எடத்தப் புடிங்க. தொறந்த கொஞ்ச நேரத்துலயே போனாத்தான் கெடைக்கும்.

---

மீனா_ஃப்ரீமான்ட்:

போய்ட்டு வந்துட்டோம். ராம் சொன்ன மாதிரியே கேட் தொறக்குறதுக்கு முன்னாடி போய் நின்னோம், எங்களுக்கு முன்னாடி ஒரு வயசான சீனத் தம்பதி மட்டும்தான். நல்ல குளிரு, சால்வை இல்லன்னா அவ்ளோதான். வெண்கலத் தகட மொதல்லயே பாத்துட்டோம், அத்தை அத கையால தடவிப் பாத்தாங்க. படியில்லாத பாதைய மேப்ல பேனாவால கோடு போட்டுக் குடுத்தாங்க, அதுலயே போனோம், வளைஞ்ச பாலத்தக் கீழ இருந்து பாத்தோம், வட்டம் நெஜமாவே முழுசாத் தெரிஞ்சுச்சு.

எங்க அதிர்ஷ்டம் ஒரு தோட்டக்காரர் பைன் மரத்துல வேலை பாத்துக்கிட்டு இருந்தார். அத்தை அங்க போய் நின்னவங்க நகரவே இல்ல. அவர் பழைய ஊசிய ரெண்டு விரலால கீழ்ப்பக்கமா இழுத்து உருவுறார், கீழ விரிச்ச தார்ப்பாய்ல விழுது, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா ஏணிய விட்டு எறங்கி தள்ளி நின்னு மரத்தப் பாக்குறார், திரும்ப ஏறுறார். அத்தை தமிழ்லயே "எத்தன வருஷ மரம் கேளு"ன்னாங்க, கேட்டேன், தோட்டத்துல எல்லாத்த விடவும் வயசான மரங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு சொன்னார். அப்புறம் அத்தை அவங்க எலுமிச்சைக்கு எப்படிக் கவாத்து பண்ணுவாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, நான் மொழிபெயர்க்க, அவர் ஏணில உக்காந்தபடியே கேட்டுக்கிட்டு, உள்ள குறுக்க போற கிளைய மொதல்ல எடுக்கணும்ங்குறதுல ரெண்டு பேரும் ஒத்துப் போயிட்டாங்க. அவங்க இங்க வந்ததுல இருந்து வெளியாள் ஒருத்தர்கிட்ட இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல.

குட்டை மரங்க இருக்குற சரிவையும் பாத்தோம். டீ ஹவுஸ்ல தண்ணி ஓரமா எடம் கெடச்சுச்சு, மல்லிகை டீ வாசனை அத்தைக்குப் புடிச்சுப் போச்சு. பத்து மணி தாண்டுனதும் கூட்டம் வர ஆரம்பிச்சுது, ஒரு டூர் பஸ் ஆளுங்க மொத்தமா உள்ள வந்தாங்க, நாங்க மெதுவா கெளம்பிட்டோம். அடுத்து சான் மட்டேயோ, அப்புறம் ஹேவர்டுன்னு அத்தையே வரிசை போட்டுட்டாங்க. ஒரே ஒரு கேள்வி, மேப்பிள் மரமெல்லாம் இன்னும் பாதி பச்சையாத்தான் இருந்துச்சு, செவப்பாகுறது எப்போ? அத்தை டிசம்பர் நடுவுல ஊருக்குத் திரும்புறாங்க.

---

செடிகொடி_சான்மட்டேயோ:

படிக்கவே சந்தோஷமா இருக்கு. மேப்பிள் நம்ம பக்கம் மெதுவாத்தான் செவக்கும், அக்டோபர் கடைசில இருந்து நவம்பர் நடு வரைக்கும் பாருங்க, அந்த வருஷக் குளிரப் பொறுத்து முன்னப் பின்ன ஆகும். சான் மட்டேயோவுக்கு நவம்பர் மொத வாரம் வாங்க, பெரிய மழைக்கு முன்னாடி, மழை அடிச்சா இலையெல்லாம் ஒரே நாள்ல கொட்டிடும். பார்க் பக்கத்துல தெருவுல மீட்டர் பார்க்கிங் இருக்கு, சில்லறை இல்லாட்டியும் கார்டு போடலாம். வர்ற நாள எழுதுங்க, நானும் வந்துடுறேன், எங்க வீட்டு எலுமிச்சைக்கு உங்க அத்தைகிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு.